முதல்லேர்ந்து சொல்ல விடுங்கள்: குறள் ஒப்பித்தல் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டி அமைப்பாளர்களுக்கும் என்னோடு நடுவர் நாற்காலியில் உட்காரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தை பிறக்கப் போகிறது. திருவள்ளுவர் நாளையொட்டி ஊருக்கு ஊர் குறள் ஒப்பித்தல் போட்டிகள் களைகட்டிவிடும். பள்ளிக்கூடம், கிளை நூலகம், தமிழ் மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று எங்கே போனாலும் ஒரு மேசை, மூன்று நாற்காலி, தட்டினால் 'டிங்' என்கிற ஒரு மணி, பிஸ்கட் டப்பாவில் மடித்துப் போட்ட சீட்டுகள். முப்பத்தோரு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் எத்தனை முறை உட்கார்ந்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. எத்தனை பிள்ளைகளுக்குச் சுழியம் போட்டிருப்பேன் என்பதையும்தான். அதில் ஒரு சுழியம் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. இரட்டைச் சடை. ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது. அவள் எடுத்த சீட்டில் 'அதிகாரம் 40, குறள் 7' என்று எழுதியிருந்தது. "கல்வி" என்றாள், பட்டென்று. அப்புறம் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள். வலது கை பாவாடையை ஒட்டித் தொங்கியது. கட்டை விரல் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டே வந்தது. உதடு அசைவதைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது: கற்க கசடற, எண்ணென்ப, கண்ணுடையர், உவப்பத் தலைக்கூடி… ஐந்தாவதை நெருங்கும்போது நான்தான் குறுக்கே புகுந்தேன்.

"முதல்லேர்ந்து வேண்டாம் கண்ணு, நேரா ஏழாவதைச் சொல்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டை விரல் மறுபடி சுண்டு விரலுக்குப் போனது. மறுபடியும் கற்க கசடற. பக்கத்து நாற்காலிக்காரர் மணியைத் தட்டினார். அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனபோது குழாயடியில் அவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். நான் பின்னால் நிற்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அந்தப் பெண் பத்துக் குறளையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ஏழாவதான 'யாதானும் நாடாமால் ஊராமால்' அட்சரம் பிசகாமல் வந்து விழுந்தது. "இப்பச் சொல்றியே, அங்க ஏன்டி சொல்லல?" என்றார் அம்மா. "அந்த டீச்சர் முதல்லேர்ந்து சொல்ல விடலம்மா" என்றாள்.

கை கழுவாமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

தெரியாத பிள்ளைக்குச் சுழியம் போடுவது வேறு. தெரிந்த பிள்ளையின் வாயை அடைத்துவிட்டுச் சுழியம் போடுவது வேறு. அன்று நான் செய்தது இரண்டாவது. அதை நீங்களும் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடல்.

மனப்பாடம் செய்த வரிசையை நாம் புறாக் கூண்டு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஏழாம் எண் கதவைத் திறந்தால் ஏழாம் புறா பறந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் அது கிணற்றுக்குள் விட்ட கயிறு. நடுக்கயிறு வேண்டுமென்றால் நுனியைப் பிடித்து இழுத்தாக வேண்டும். நம்பிக்கை வரவில்லையென்றால் உங்களையே சோதித்துப் பாருங்கள். ஐப்பசிக்கு முந்தைய மாதம் எது? இப்போது வாய்க்குள் ஆடி, ஆவணி என்று ஓட ஆரம்பித்திருக்குமே. பதினேழாவது நட்சத்திரம் எது? பொருத்தம் பார்க்கிற எங்கள் பெரியம்மாவுக்கு இருபத்தேழும் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அவர் அஸ்வினியில் தொடங்கி விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே போய்த்தான் அனுஷத்தில் நிற்பார். அவரைப் பார்த்து "முதல்லேர்ந்து வேண்டாம், நேரா சொல்லுங்க" என்று யாரும் மணி அடித்ததில்லை.

அகராதி புரட்டும்போது கவனித்திருக்கிறீர்களா? 'வ' எங்கே வரும் என்று தேடினால், நாற்பது ஆண்டு தமிழ் படித்த நானே 'லவழள' என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பக்கத்தைத் தள்ளுகிறேன். எங்கள் பள்ளியில் மெய்யெழுத்து வரிசையை கஙசஞ, டணதந, பமயர, லவழள, றன என்று நான்கு நான்காகக் கட்டி ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அறுபது வயது தாண்டியும் அந்தக் கட்டுகளின் வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடிகிறது. 'ழ'-வுக்கு முன்னால் எது என்று திடீரென்று யாராவது கேட்டால் ஒரு நொடி திகைத்துப் போகிறேன். 'ழ'-வுக்குப் பின்னால் எது என்றால் அந்தத் திகைப்பு இல்லை. இதை ஆங்கில எழுத்துகளை வைத்து அமெரிக்காவில் கிளார், சேஸ், லவ்லேஸ் என்ற மூவர் 1983-இல் அளந்தே பார்த்தார்கள். ஓர் எழுத்தைச் சொல்லி அடுத்தது எது, முந்தையது எது என்று பெரியவர்களிடம் கேட்டு, பதில் வர ஆகும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். ஏபிசிடி பாட்டை எங்கே மூச்செடுத்துத் தொடங்குகிறோமோ, அந்த இடத்து எழுத்துகளுக்குப் பதில் சீக்கிரம் வந்தது. கட்டின் நடுவில் இருப்பவற்றுக்குத் தாமதமானது. முந்தையதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. குழந்தையில் பாடிய பாட்டு வளர்ந்தவர்களின் மூளையிலும் அதே இடத்தில்தான் மூச்செடுக்கிறது.

சரி, குறளுக்கு வருவோம். வகுப்பில் நான் அடிக்கடி ஒரு காரியம் செய்வேன். 'கல்வி' அதிகாரத்தை நடத்தி முடித்து இரண்டு வாரம் ஆனபின், முன்னறிவிப்பு இல்லாமல், ஆளுக்கொரு அரைத்தாள் கொடுத்து, நினைவுக்கு வருகிற குறளின் முதல் இரண்டு சொல்லை மட்டும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதச் சொல்வேன். ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுவார்கள், தாள் மாறாது. 'கற்க கசடற' எல்லோரிடமும் இருக்கும். 'எண்ணென்ப' பெரும்பாலும் இருக்கும். அதை எழுதியவர்கள் 'கண்ணுடையர்' எழுதாமல் விடுவது அபூர்வம். காரணம் வெளிப்படை: எண்ணென்ப குறளின் இரண்டாவது அடி 'கண்ணென்ப வாழும் உயிர்க்கு', அடுத்த குறள் 'கண்ணுடையர்' என்றுதான் தொடங்குகிறது. தற்செயலோ என்னவோ, அந்தாதி மாதிரி ஒரு முடிச்சு அங்கே விழுந்திருக்கிறது. பத்தாவதான 'கேடில் விழுச்செல்வம்' வந்துவிடும். நடுவில் 'தொட்டனைத் தூறும்' தனியாக மேலே மிதக்கும். மணலைத் தோண்டத் தோண்ட நீர் ஊறுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது மறக்குமா? 'உவப்பத் தலைக்கூடி', 'உடையார்முன்', 'தாமின் புறுவது' மூன்றும் அனாதைகள். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் தாளிலும் அவற்றில் ஒன்றாவது காணாமல் போயிருக்கும்.

நான் பல காலம் இதைப் பிள்ளைகளின் அசட்டை என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் எல்லோருக்கும் இப்படித்தான் என்று. மர்டாக் என்ற உளவியலாளர் 10 முதல் 40 சொற்கள் வரை கொண்ட பட்டியல்களை வாசித்துக் காட்டி, நினைவுக்கு வந்ததை எழுதச் சொல்லி, 1962-இல் வெளியிட்ட வரைபடம் ஒரு தொட்டில் துணி மாதிரி இருக்கும். இரண்டு முனையும் மேலே, நடு தொங்கும். இன்னும் எனக்குப் பிடித்தது 1976-இல் ரோடிகரும் குரௌடரும் செய்தது. அமெரிக்க மாணவர்களிடம் அவர்கள் நாட்டுக் குடியரசுத் தலைவர்களின் பெயர்களை எழுதச் சொன்னார்கள். பள்ளியில் படித்து, ஆண்டுக்கணக்கில் காதில் விழுந்த பட்டியல் அது. வாஷிங்டனும் அவருக்குப் பின் வந்த சிலரும் வந்தார்கள். அப்போதைக்குக் கடைசியாக ஆண்டவர்கள் வந்தார்கள். நடுவில் பெரும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் நடுவே தென்னை மரம் மாதிரி ஒருவர் மட்டும் நின்றார்: பதினாறாவது தலைவர் லிங்கன். அவர்களுக்கு லிங்கன், நம் பிள்ளைகளுக்கு மணற்கேணி.

1330 என்று பெரிதாக எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை, அறன் வலியுறுத்தல் என்ற முதல் நான்கு அதிகாரங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 'வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை' என்று 66, 67, 68 அடுத்தடுத்து வருகிற இடத்தில் முழுதும் ஓதிய பிள்ளைகளே திணறுவார்கள். 133 அதிகாரங்களின் நட்டநடு அது. (காமத்துப்பாலைப் பற்றிக் கேட்காதீர்கள். பல பள்ளிகளில் குறள் 1080-உடன் முடிந்துவிடுகிறது. அந்தச் சண்டையை இன்னொரு மடலில் வைத்துக்கொள்கிறேன்.)

ஏன் முதல் குறள் இவ்வளவு உறுதியாக நிற்கிறது? இதில் ஆசிரியர்களாகிய நம் கைவரிசை நிறைய இருக்கிறது. ருண்டஸ் என்பவர் 1971-இல், பட்டியலை மனப்பாடம் செய்பவர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லிக் கேட்டார். முதலில் வந்த சொற்களைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள்; பின்னால் வந்தவற்றுக்கு அந்த வாய்ப்பே குறைவு. நம் வகுப்பில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பிள்ளை ஆறாவது குறளில் தடுக்குகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "முதல்லேர்ந்து சொல்லு!" மறுபடி கற்க கசடற. எட்டில் தடுக்குகிறது. "முதல்லேர்ந்து!" பத்தாவதைத் தொடுவதற்குள் முதல் குறள் ஐம்பது முறை வாயில் புகுந்து வந்திருக்கும், ஒன்பதாவது ஐந்து முறைகூட வந்திருக்காது. முப்பத்தோரு ஆண்டுகள் வகுப்பில் 'முதல்லேர்ந்து சொல்லு' என்று விரட்டிவிட்டு, போட்டி மேடையில் 'முதல்லேர்ந்து சொல்லாதே' என்று நான் சொன்னதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசிக் குறளின் கதை வேறு. பத்தையும் படித்து முடித்த கையோடு கேட்டால் பத்தாவது பளிச்சென்று வரும். அது மனத்தில் பதிந்ததால் வருவதில்லை, காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதால் வருகிறது. கிளான்சரும் குனிட்சும் 1966-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பட்டியல் முடிந்தபின் 30 நொடி எண்களை எண்ண வைத்துவிட்டுக் கேட்டால், கடைசிச் சொற்களுக்கு இருந்த சலுகை காணாமல் போய்விடுகிறது. முதல் சொற்கள் அப்படியே நிற்கின்றன. 'இப்பத்தானே எல்லாம் சரியாச் சொன்னான், நாளைக்குக் கேட்டா முழிக்கிறான்' என்று புலம்பாத பெற்றோர் உண்டா? நேற்று சொன்னது எதிரொலி.

ஆகவே பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் உங்கள் அறிவிப்புத் தாளில் ஒரு வரி சேர்த்தால் நல்லது. ஒருநாள் ஆறாவதிலிருந்து தொடங்கட்டும். தடுக்கினால் தடுக்கிய குறளையும் அதற்கு முந்தையதையும் மட்டும் சேர்த்துச் சொல்ல வையுங்கள், ஏனென்றால் அறுந்தது அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள முடிச்சுதான். புத்தகத்தைப் பார்த்துப் பத்து முறை கூட்டமாகக் கத்துவதைவிட, இரண்டு முறை பார்த்துவிட்டு மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்பது மேல். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். போட்டி ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லையே.

இனி அந்தச் சீட்டு விவகாரம். 'அதிகாரம் 40, குறள் 7' என்று கேட்டால் சொல்கிற பிள்ளைகள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள். ஒரு பையனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். பின்னிருக்கைக்கு மேலே குறளை எழுதி ஒட்டி, சவாரி இல்லாத நேரத்தில் மகனைக் கேள்வி கேட்பாராம். 396 என்றால் போதும், "முந்நூற்றுத் தொண்ணூற்றாறு தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்று எண்ணை இனிஷியல் மாதிரி ஒட்டியே சொல்வான். கூட்டம் வாயைப் பிளந்தது. நான் ஆர்வத்தில், "மணற்கேணி வருகிற குறள் எது தம்பி?" என்றேன். விழித்தான். என்னடா இது, இப்போதுதானே சொன்னாய்! அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கொக்கியோடு சேர்த்துப் படித்தோமோ அந்தக் கொக்கியைப் போட்டால்தான் பாட்டு மேலே வரும். எண்டல் டல்விங்கும் தாம்சனும் 1973-இல் எழுதியதன் சாரம் இதுதான். அவனுடைய கொக்கி எண். ரிப்பன் பெண்ணின் கொக்கி முந்தைய குறள். இருவருக்கும் குறள் தெரியும். நம் பிஸ்கட் டப்பாவில் எண் கொக்கி மட்டும் இருந்ததால் அவன் கோப்பை வாங்கினான், அவள் குழாயடியில் நின்றாள்.

எண் சொல்லிக் கேட்பது ஒரு தனி வித்தை, அதை நான் இளக்காரமாகப் பேசவில்லை. அதற்குக் கணக்கு உண்டு: 397 என்றால் முதல் இரண்டு இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டு, நாற்பதாம் அதிகாரம், அதில் ஏழாவது. 133 அதிகாரப் பெயரையும் எண்ணோடு சேர்த்து ஆணியடித்து வைத்திருந்தால், அங்கிருந்து பத்துக்குள்தான் தேட வேண்டும். கவனகக் கலை நமக்குப் புதிதா என்ன? செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்து காட்டிய நாடு இது. ஆனால் அவதானம் ஆண்டுக்கணக்கில் பழகும் கலை. அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல், கல்வி அதிகாரத்தைப் படித்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடையில் எண்ணை நீட்டுவது நியாயமில்லை. வேண்டுமானால் எண்ணுக்குத் தனிப் பரிசு வையுங்கள். அந்த ஆட்டோக்காரர் மகன் அதை வாங்கட்டும், நானே கைதட்டுகிறேன்.

இன்னொன்று. நாம் அவ்வளவு பக்தியோடு கேட்கிற இந்த 'ஏழாவது' யார் வைத்த ஏழாவது? இன்று அச்சில் இருக்கும் வரிசை பரிமேலழகர் உரையை ஒட்டியது. மணக்குடவர் முதலிய பழைய உரையாசிரியர்கள் அதிகாரத்துக்குள் குறள்களை வேறு வேறு வரிசையில் வைத்திருக்கிறார்கள். மணக்குடவர் வந்து உங்கள் மேசைக்கு முன்னால் நின்றால் அவருக்கும் மணி அடிப்பீர்களா?

நடுவர்களின் தயாரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு போட்டியில் 'குறிப்பறிதல் முதல் குறள்' என்று சீட்டு வந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "எந்தக் குறிப்பறிதல் ஐயா, எழுபத்தொன்றா நூற்றுப்பத்தா?" என்றான். நடுவர், "இருக்கிறது ஒரே குறிப்பறிதல்தானே, சொல்லுப்பா" என்றார். குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரம் உண்டு. ஒன்று அமைச்சருக்கு, இன்னொன்று காதலருக்கு. பையன் பெரிய மனது பண்ணி இரண்டையும் சொன்னான்: 'கூறாமை நோக்கி', அப்புறம் 'இருநோக்கு இவளுண்கண்'. நடுவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த நடுவர் நான் இல்லை என்று சொல்ல ஆசைதான்.

தடம் மாறும் இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'செல்வத்துள் செல்வம்' என்ற தொடர் 241-இலும் உண்டு, 411-இலும் உண்டு. 'அருட்செல்வம் செல்வத்துள் செல்வம்' என்று சரியாகப் புறப்பட்ட பிள்ளை, அந்தச் சந்திப்பில் தண்டவாளம் மாறி, 'செவிச்செல்வம் அச்செல்வம்' என்று போய் 'தலை'யில் நிற்கும். அதுவும் தடுமாறிப் போவதில்லை. வேகமாக, முழு நம்பிக்கையோடு போய் நிற்கும். இதை 'தெரியவில்லை' என்று குறிப்பதா? இரண்டு குறளும் நன்றாகத் தெரிந்ததால் வந்த விபத்து. அந்தச் சொல்லோடு நிறுத்தி, "அருட்செல்வம்… அப்புறம்?" என்று எடுத்துக் கொடுத்தால் தொண்ணூறு சதவீதம் திரும்பி வந்துவிடும் என்று எழுதப் போனேன், கணக்கு எடுத்ததில்லை என்பதால் 'பெரும்பாலும்' என்று திருத்திக்கொள்கிறேன்.

'எடுத்துக் கொடுப்பது' என்றதும் சிலருக்குப் புருவம் உயரும். நாடக மேடையில், பஜனை மடத்தில், கச்சேரியில் எல்லாம் அடியெடுத்துக் கொடுப்பது நம் வழக்கம்தானே. முதல் சொல் ஒன்று கிடைத்தால் மோனையும் எதுகையும் மீதியை இழுத்து வந்துவிடும். 'தொட்டனைத்' என்றால் 'கற்றனைத்' தானாக வரும், இரண்டு அடியிலும் வரும் 'னைத் தூறும்' என்ற ஒலி அதற்குப் பொறுப்பு. ஏட்டைத் தேட வேண்டாதபடி பாட்டுக்குள்ளேயே கைப்பிடி வைத்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். ஆத்திசூடியில் அகர வரிசையே கைப்பிடி. அந்தக் கைப்பிடிகளை எல்லாம் விட்டுவிட்டு, பாட்டில் எங்கேயுமே இல்லாத எண்ணைப் பிடித்துத் தூக்கச் சொல்கிறோம். ஈற்றுச் சொல் சொல்லிக் கேட்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். கயிறு பின்னோக்கி ஓடாது. கேட்கத்தான் வேண்டுமென்றால் மேல் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டும் ஓரிடத்திலிருந்து நடுவராக அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சீட்டுகளை நானே எழுதிக்கொண்டு வருவேன். அதிகாரப் பெயரும் குறளின் முதல் சொல்லும் அதில் இருக்கும். எண்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், பிள்ளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வரட்டும், காத்திருக்கலாம். பத்துக் குறளை முணுமுணுக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகாது, நான் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். இடையில் நின்றுபோனால் நின்ற இடத்துக்கு முந்தைய குறளை நான் சொல்வேன். அதற்கு இரண்டு மதிப்பெண் குறைப்பதில் எனக்குத் தகராறு இல்லை, சுழியம் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன்.

அப்புறம் அந்த மணி. அதை மேசையிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். பரிசளிப்பு முடிந்ததும் திருப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
முதல்லேர்ந்து சொல்ல விடாத அந்த டீச்சர்